புகைக்குழாயில் விளைந்த வெள்ளைக் கல்

நாமக்கல் நகரத்தின் எல்லையைத் தாண்டிச் சேலம் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்தில், தகரக் கூரை போட்ட ஒரு லாரிப் பட்டறையில், சில மாதங்களுக்கு முன் ஒரு முற்பகலில் நான் கண்ட காட்சியிலிருந்து இதைத் தொடங்குகிறேன். பத்துச் சக்கர லாரி ஒன்றின் புகைக்குழாயைக் கழற்றி, ஒரு பழைய சாக்கின் மேல் கிடத்தியிருந்தார்கள். குழாயின் வளைவுக்குள் முழங்கை வரை கையை விட்ட மெக்கானிக், திருப்புளியால் இரண்டு தட்டுத் தட்டி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கட்டியை வெளியே எடுத்து என்னிடம் நீட்டினார். அதன் ஒரு பக்கம் குழாயின் வளைவை அச்செடுத்தாற்போல வழவழப்பாகவும், மறுபக்கம் ஈரம் சொட்டிச் சொட்டி உறைந்ததுபோல முண்டும் முடிச்சுமாகவும் இருந்தது. நகத்தால் கீறினால் மாவாக உதிர்ந்தது. மூக்கருகே கொண்டுபோனபோது, அதிகாலையில் மாட்டுத் தொழுவத்தின் வாசலில் நிற்பவனுக்குத் தெரியும் அந்த வாடை மெல்லிதாக வந்தது.

"யூரியாத் தண்ணி கல்லாயிருச்சுங்க. இது அடைச்சுக்கிட்டா வண்டி இழுக்காதுங்க" என்றார் அவர்.

பக்கத்தில் நின்ற டிரைவர் உடனே, "நல்ல பங்க்லதான் வாங்கி ஊத்துனேன் அண்ணே, வெளிய எங்கயும் வாங்கலை" என்றார். குற்றம் தம்மேல் விழுந்துவிடுமோ என்ற கலக்கம் அந்தக் குரலில் இருந்தது. அவர் சொன்னது உண்மையாகவே இருக்கக்கூடும் என்பதையும், அந்தக் கல் விளைவதற்கு அவர் வாங்கிய திரவத்தைவிட அவருக்கு வாய்த்த நடைகளே பெரிய காரணமாக இருக்கலாம் என்பதையும் விளக்குவதற்கு, யூரியா என்ற வஸ்து அந்தக் குழாய்க்குள் போய் என்ன ஆகிறது, என்ன ஆகவேண்டும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

டீசல் எஞ்சினின் சிலிண்டருக்குள் எரிபொருள் பற்றிக்கொள்ளும் அந்தக் கணத்தில், சுடரை அடுத்த இடங்களில் உஷ்ணம் 2,000 டிகிரி செல்சியஸையும் தாண்டுகிறது. சாதாரணமாக ஒன்றோடொன்று உறவு கொள்ளாமல் காற்றில் அக்கம்பக்கமாக வாழ்ந்து வருகிற நைட்ரஜனும் பிராணவாயுவும் அந்த வெப்பத்தில் இணைந்து, நைட்ரஜன் ஆக்ஸைடுகள் என்ற விஷக் கூட்டத்தை உண்டாக்கிவிடுகின்றன. எரிபொருளில் எந்தக் கலப்படமும் இல்லாவிட்டாலும், எஞ்சின் எவ்வளவு நேர்த்தியாக ஓடினாலும் இது நடக்கும். சொல்லப்போனால் எஞ்சின் நேர்த்தியாக, நல்ல சூட்டில் எரிந்தால்தான் இது அதிகமாக நடக்கும். இந்த வாயுக்கள் மூச்சுக்குழலை எரிப்பதோடு நில்லாமல், வெயிலில் ஓசோனாகவும், காற்றிலேயே நுண்துகள்களாகவும் உருமாறி, நகரத்து மக்களின் சுவாசத்தில் இறங்குகின்றன.

ஒருமுறை இணைந்துவிட்ட நைட்ரஜனையும் பிராணவாயுவையும் மறுபடி பிரித்து, நைட்ரஜனை நைட்ரஜனாகவே காற்றுக்குத் திருப்பிக் கொடுக்க, அமோனியாவே தக்க கருவி என்று கண்டறிந்து, அமெரிக்காவின் எங்கல்ஹார்டு கம்பெனியார் 1957-இல் காப்புரிமை பெற்றார்கள். புகையில் பிராணவாயு ஏராளமாக மிஞ்சியிருக்கும்போதும், தகுந்த வினையூக்கியின் மேற்பரப்பில் அமோனியா அந்தப் பிராணவாயுவைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, நைட்ரஜன் ஆக்ஸைடுகளையே தேடிப் பிடித்து, நைட்ரஜனும் நீராவியுமாக மாற்றிவிடுகிறது. 1970-களில் ஜப்பானியர் டைட்டானியா என்னும் டைட்டானிய ஆக்ஸைடின் மேல் வனேடியத்தை ஏற்றிய வினையூக்கிகளைச் செய்து, அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகளில் இந்த வித்தையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டினார்கள். ஆனால், மின் நிலையத்தில் அமோனியாத் தொட்டியை வேலியிட்டுக் காவல் வைத்துக்கொள்ளலாம்; ஊர் நடுவே ஓடும் லாரியிலும் பஸ்ஸிலும், கசிந்தால் கண்ணையும் நெஞ்சையும் அடைக்கும் அந்த வாயுவை அழுத்தி நிரப்பி அனுப்ப யாருக்கும் துணிவு வராது.

ஆகவே, அமோனியாவைத் தன்னுள் ஒளித்து வைத்திருக்கிற, தொட்டாலும் முகர்ந்தாலும் தீங்கு செய்யாத ஒரு வஸ்து தேவைப்பட்டது; அதுவே யூரியா. 1828-இல் பெர்லினில் ஃபிரீட்ரிக் வோலர் என்ற இளைஞர், ஜீவராசிகளின் உடலில் மட்டுமே உண்டாகும் என்று நம்பப்பட்ட யூரியாவை, உயிரற்ற பொருள்களைக் கொண்டே தமது பரிசோதனைச் சாலையில் உண்டாக்கிக் காட்டினார். அந்த யூரியாதான் இன்றைக்கு நம் வயல்களுக்குப் போவதோடு லாரிகளுக்கும் போகிறது. நூற்றுக்கு 32.5 பங்கு யூரியாவும் மீதி சுத்திகரித்த நீருமாகச் சேர்ந்த கரைசல் அது. டிரைவர்கள் 'டி.இ.எஃப்.' என்றும், 'ஆட்புளூ' என்றும், வெறுமனே 'யூரியா' என்றும் சொல்வது இதையே. அந்த விகிதத்தை ஏன் தேர்ந்தார்கள் என்றால், அந்த ஒரு விகிதத்தில்தான் கரைசல் மிகக் குறைந்த உஷ்ணநிலையில், அதாவது பூஜ்யத்துக்குக் கீழே 11 டிகிரியில், உறைகிறது. உறைபனியின் கவலை நாமக்கல்லுக்கு இல்லை. நமக்கு வெயிலே கவலை: 35 டிகிரிச் சூட்டில் வைத்திருந்தால் அந்தக் கரைசல் ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது என்பதை, தகரக் கொட்டகையில் கேன்களை அடுக்கி வைத்திருக்கும் கடைக்காரர்கள் எல்லாரும் அறிந்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நூறு லிட்டர் டீசலுக்கு நான்கிலிருந்து ஆறு லிட்டர் வரை செலவாகும் இந்தத் திரவத்தை, ஒரு சிறு குழல்முனை, எஞ்சினிலிருந்து வரும் சூடான புகைக்குள் துளித் துளியாகப் பீய்ச்சுகிறது. பார்ப்பவர்கள், யூரியா புகையைச் சுத்தம் செய்கிறது என்று சொல்லி இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். யூரியா சுத்தம் செய்வதில்லை. யூரியா முழுமையாக உடைந்து, இல்லாமற்போய், அமோனியாவாக மறுபிறவி எடுத்தால்தான் சுத்தம் நடக்கும். அந்த உடைதலுக்கு அதற்குக் கிடைக்கும் இடம் குழல்முனைக்கும் வினையூக்கிக்கும் நடுவிலுள்ள குறுகிய குழாய். கிடைக்கும் நேரம் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு. வாகனப் புகையைப் பற்றிய பேச்சில் எல்லாரும் தாண்டிச் செல்கிற இந்தச் சிறு இடத்தில்தான் முழு வித்தையின் வெற்றியும் தோல்வியும் நிர்ணயமாகின்றன என்பது என் அபிப்பிராயம்.

அங்கே நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். தலைமயிரின் தடிமனுக்குச் சமமான, அல்லது அதைவிட மெல்லிய ஒரு துளி, சூடான புகையில் மிதந்து போகிறது. முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகிறது. எஞ்சிய யூரியா 133 டிகிரியில் உருகி, அதற்கு மேலே சூடு ஏற ஏற, ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பாதி, நமக்கு வேண்டிய அமோனியா. மறுபாதி, ஐசோசயனிக் அமிலம் என்ற ஒரு வாயு. இந்த இரண்டாம் பாதியும் ஒரு நீர் மூலக்கூறோடு சேர்ந்தால் இன்னொரு அமோனியாவையும் கரியமிலவாயுவையும் தந்துவிடும்; அப்போதுதான் ஒரு யூரியாவுக்கு இரண்டு அமோனியா என்ற கணக்கு நிறைவாகும். புகையில் நீராவிக்குப் பஞ்சமே இல்லை. இருந்தும், வாயு நிலையில் இவ்விரண்டும் எதிரெதிரே மோதிக்கொண்டாலும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. அவை அமர்ந்து பேச ஒரு திண்ணை வேண்டும். அந்தத் திண்ணையே வினையூக்கி.

சுவிட்சர்லாந்தில் ஆரே நதிக்கரையிலுள்ள வில்லிகன் என்னும் ஊரில், பால் ஷெரர் நிறுவனத்தில், மான்ஃப்ரெட் கோபெல் என்பவரும் அவருக்குப் பின் ஆலிவர் க்ரோக்கரும் தத்தம் சகாக்களோடு பல வருஷங்கள் இந்த ஒரு திண்ணையையே ஆராய்ந்தார்கள். வினையூக்கியை அடைகிற கணத்தில் யூரியாவில் எவ்வளவு உடைந்திருக்கிறது என்று கோபெலின் குழுவினர் அளந்தபோது, புகை 330 டிகிரியில் இருக்கையில் நூற்றுக்கு 20 பங்கும், 400 டிகிரியில் இருக்கையிலும் ஏறக்குறையப் பாதியுமே உடைந்திருந்தன. மீதியெல்லாம் வினையூக்கியின் வாசலில் வந்து நிற்கிற உடையாத யூரியா. வெறும் சூட்டை நம்பினால் காரியம் நடக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான பிரமாணம் வேண்டியதில்லை.

பல ஆக்ஸைடுகளைச் சோதித்ததில், அலுமினாவும் ஸிர்க்கோனியாவும் ஓரளவு உதவ, மணலின் சாரமான ஸிலிக்கா ஏறக்குறையச் சும்மா இருக்க, டைட்டானியாவின் அனடேஸ் என்ற வடிவம் மிகச் சிறப்பாக வேலை செய்தது. அதன் மேற்பரப்பில் ஐசோசயனிக் அமிலம் ஒரு டைட்டானியம் அணுவைப் பற்றி உட்கார, அடுத்த இருக்கையில் உட்கார்ந்த நீர் அதைத் தாக்க, இடையில் ஒரு தற்காலிகச் சேர்க்கை உண்டாகி, அதிலிருந்து கரியமிலவாயு கழன்று போய் அமோனியா மிஞ்சுகிறது. டைட்டானியா தான் ஒன்றையும் இழப்பதில்லை. யூரியா முதலில் பிளவதையும் அதே பரப்பு விரைவுபடுத்துகிறது என்பது பின்னால் தெரிய வந்தது. இந்த டைட்டானியா நமக்கு அந்நியமானதன்று: வீட்டுச் சுவருக்குப் பூசும் வெள்ளை வர்ணத்தில் இருப்பதும் அதுவே, மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுமணலில் கிடக்கும் இல்மனைட் அதன் மூலப்பொருள், திருவனந்தபுரத்தில் 1946-இல் ஏற்பட்ட தொழிற்சாலை செய்து வருவது இந்த அனடேஸையே. கறுப்பு மணலில் பிறந்த அந்த வெள்ளைப் பொடிக்குச் சாயம் போடுவதைத் தவிர இப்படி ஓர் ஆற்றலும் உண்டு என்பதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

இதே காரியத்தை இயற்கை இன்னும் அழகாகச் செய்கிறது என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். நீரில் கரைந்த யூரியா தன் போக்கில் உடைய வருஷக் கணக்காகும். மண்ணிலுள்ள கிருமிகளோ யூரியேஸ் என்ற நொதியைக் கொண்டு, சூடு எதுவும் இல்லாமலே, அதை நொடியில் உடைத்துவிடுகின்றன. தொழுவத்து வாடையும், மேலுரம் போட்ட வயலின் வாடையும் அந்த நொதியின் கைவேலை. வாளவரை இனத்துப் பயறொன்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, 1926-இல் படிகமாக்கியவர் அமெரிக்காவின் கார்னெல் சர்வகலாசாலையிலிருந்த ஜேம்ஸ் சம்னர். நொதி என்பது ஒரு புரதமே என்று அவர் சொன்னதைப் பெரிய பண்டிதர்கள் பல காலம் ஒப்பவில்லை. சிறுவயதில் வேட்டையில் நேர்ந்த விபத்தால் இடக் கையை இழந்து, ஒற்றைக் கையாலேயே ஒன்பது வருஷம் பாடுபட்டவர் அவர். 1946-இல் நோபல் பரிசு வந்தது. அந்த நொதியின் நடுவே நிக்கல் என்ற உலோகம் இருப்பது 1975-இல் தெரிந்தது. புகைக்குழாயின் சூட்டில் எந்தப் புரதமும் வெந்துவிடும்; ஆகையால் நொதி செய்வதைக் கல்லைக்கொண்டு செய்யவேண்டியவர்களாக நாம் இருக்கிறோம்.

இனி, அந்த வெள்ளைக் கல்லுக்கு வருவோம். துளி ஆவியாகுமுன் குழாயின் சுவரில் போய் ஒட்டிக்கொண்டு, சுவரும் போதுமான சூட்டில் இல்லாவிட்டால், பாதி உடைந்த யூரியாவும் உடையாத யூரியாவும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. முதலில் பையூரெட் என்ற சேர்க்கை. பிறகு மூன்று ஐசோசயனிக் அமில மூலக்கூறுகள் வளையமாகக் கைகோத்து உண்டாக்கும் சயனூரிக் அமிலம். அதற்கும் பிறகு, தட்டு செய்யப் பயன்படும் மெலமீன் வரை ஒரு வம்சமே விளைகிறது. இந்த உறவுமுறைகளை முதன்முதல் ஆராய்ந்தவர்களும் அதே வோலரும் அவருடைய நண்பர் லீபிக்கும்தான்; 1830-இல் அவர்கள் யூரியாவைச் சூடாக்கிப் பார்த்தபோது மூசையில் நின்ற வெள்ளைப் பொருள், நாமக்கல்லில் என் உள்ளங்கையில் இருந்த கட்டிக்கு மூதாதை. யூரியா 133 டிகிரியில் உருகிவிடும்; சயனூரிக் அமிலமோ 300 டிகிரியைத் தாண்டினாலொழிய அசையாது. வெந்நீரில் ஊறப் போட்டாலும் லேசில் கரையாது. ஆனால், நீராவியின் துணையோடு அனடேஸ் பரப்பின் மேல் வந்தால், அதைவிட எவ்வளவோ குறைந்த சூட்டிலேயே இதுவும் உடைந்து அமோனியாவாகிறது என்று வில்லிகனில் 2012-இல் காட்டினார்கள். துளிகளைச் சிதறடிக்கக் குழாயின் குறுக்கே வைக்கும் கலக்கித் தகடுகளின் மீதே டைட்டானியாவைப் பூசிவிட்டால் என்ன என்று பொறியாளர்கள் முயல்வது இதனால்தான்.

உடைப்பதற்கென்றே தனியாக ஒரு வினையூக்கியை முன்னால் வைப்பது ஒரு காலத்தில் ஜெர்மானியப் பொறியாளர்களிடையே விரும்பப்பட்ட ஏற்பாடு. பின்னர், இடமும் விலையும் கருதி அது பெரும்பாலும் கைவிடப்பட்டு, நைட்ரஜன் ஆக்ஸைடை அழிக்கும் வினையூக்கியே உடைக்கும் வேலையையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடப்பட்டது. நெடுஞ்சாலையில், முழுப் பாரத்தோடு, புகை நானூறு டிகிரியை எட்டும் வண்டியில் அது பார்த்துக்கொள்ளவும் செய்கிறது. சிக்கல் எழுவது வேறிடத்தில்.

நகரத்துக்குள் நின்று நின்று போகும் பஸ்ஸையும், வீடு வீடாக நிற்கும் குப்பை லாரியையும், குவாரிக்கும் கட்டட வேலைக்குமாக ஐந்து மைல் நடை அடிக்கும் டிப்பரையும் எண்ணிப் பாருங்கள். இவற்றின் புகை பல சமயம் 200 டிகிரிக்குக் கீழேயே தங்கிவிடுகிறது. அந்த நிலையில் வண்டியின் கணினி யூரியாவைப் பீய்ச்சினால் கல் விளையும். பீய்ச்சாமல் நிறுத்திவிட்டால் விஷவாயு அப்படியே வெளியே போகும். பெரும்பாலும் நிறுத்திவிடுவதே வழக்கம். அதாவது, ஆள் நடமாட்டமில்லாத நெடுவழியில் புகை சுத்தமாகவும், பள்ளிக்கூட வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பூ விற்கும் பெண்களும் நிற்கிற இடத்தில் அசுத்தமாகவும் வருகிறது. இதை ஒரு தொழில்நுட்பக் குறை என்று சொல்லி ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை, இது அநியாயம். சட்டங்களும் நெடுங்காலம் இதைக் கவனிக்கவில்லை. கலிபோர்னியா 2020-இல் செய்த விதிகளில்தான், எஞ்சின் குறைந்த பாரத்தில் முனகிக்கொண்டிருக்கும் நிலைக்கென்றே ஒரு தனிச் சோதனையைச் சேர்த்தது.

நம் தேசம் 2020 ஏப்ரல் 1 முதல், வாகனப் புகைக்கான விதிகளில் ஐந்தாம் படியைத் தாண்டி, பாரத் ஸ்டேஜ் ஆறுக்கு ஒரே தாவலில் போயிற்று. கனரக வண்டிகளுக்கு நைட்ரஜன் ஆக்ஸைடின் வரம்பு, எஞ்சின் செய்யும் ஒரு கிலோவாட் மணி வேலைக்கு 3.5 கிராமிலிருந்து 0.46 கிராமுக்கு இறங்கியது. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. இது பெரிய சாதனை. இதைக் குறைத்துச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குளிர்ந்த புகையிலும் ஓரளவு வேலை செய்யும் செம்பு ஏற்றிய ஸியோலைட் வினையூக்கிகள் கந்தகத்தைக் கண்டால் சோர்ந்துபோகும் சுபாவம் உடையவை. ஆதலால் சுத்தமான டீசல் இல்லாமல் அவற்றைப் பற்றி நினைக்கவே முடியாது.

யூரியாவின் சுத்தமும் அப்படியே. மானிய விலையில் கிடைக்கும் வயல் யூரியாவை வாங்கித் தண்ணீரில் கரைத்தால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2015 முதல் நம் நாட்டு வயல் யூரியாவெல்லாம் வேப்பெண்ணெய் பூசியது. அதில் பையூரெட் நூற்றுக்கு 1.5 பங்கு வரை அனுமதிக்கப்படுகிறது. வண்டிக்கான கரைசலில் அதன் வரம்பு 0.3. கால்சியம் கிலோவுக்கு அரை மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. எண்ணெயும் சுண்ணாம்பும் கலந்த நீர் குழல்முனையை அடைப்பதோடு, வினையூக்கியின் இருக்கைகளிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அங்கே அமர வேண்டியவர்களுக்குப் பிறகு இடமிராது. உழவனுடைய மூட்டையைத் திருடி லாரிக்கு ஊற்றுவது இரண்டு பேருக்கும் துரோகம்.

இதைவிடவும் பெரிய துரோகம், யூரியாவைப் பீய்ச்சாமலே பீய்ச்சியதாகக் கணினியை நம்பவைப்பது. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா சர்வகலாசாலையின் குழுவினர், அவர்களுள் அரவிந்த் திருவேங்கடம் ஒருவர், கார்களின் பின்னால் கருவியைக் கட்டிச் சாலையிலேயே ஓட்டிப் பார்த்து 2014-இல் வெளியிட்ட அளவுகள், அடுத்த வருஷம் செப்டம்பர் 18-ஆம் தேதி வோல்க்ஸ்வாகன் கம்பெனியின் மோசடியை அமெரிக்க அரசு பகிரங்கப்படுத்துவதற்கு வழி செய்தன. சோதனைச் சாலையில் அடக்கமாக இருந்த கார்கள், தெருவில் வரம்புக்கு நாற்பது மடங்கு வரை விஷவாயுவைக் கக்கின. அவற்றுள் யூரியாத் தொட்டி உள்ள பஸ்ஸாட் கார்களும் இருந்தன. நம் ஊர்களிலும் கல் அடைப்பின் தொல்லை தாங்காமல், கணினியை அப்படி ஏமாற்றும் சிறு பெட்டிகளைத் தேடுகிறவர்கள் உண்டு என்று பட்டறையில் சொன்னார்கள். தொல்லை உண்மையானது என்பதால்தான் அந்தச் சபலமும் பிறக்கிறது. பீய்ச்சிய யூரியா எந்தச் சூட்டிலும் சுத்தமாக உடையும்படி செய்துவிட்டால் அந்தப் பெட்டிக்கு விலை இராது.

வழிகள் தென்படாமல் இல்லை. கரைசலைப் பீய்ச்சுமுன்பே சூடேற்றுவது, எஞ்சினை ஒட்டியே, புகை ஆறுமுன், ஒரு சிறு வினையூக்கியை வைத்து அங்கும் ஒருமுறை பீய்ச்சுவது, குழாயிலிருந்து ஒரு சிறு கிளையைப் பிரித்து அதில் அனடேஸை வைத்து யூரியாவை நிதானமாக உடைத்து அமோனியாவாகவே அனுப்புவது என்று பலவற்றைச் செய்து பார்க்கிறார்கள். எனக்குக் கடைசி வழியில் நம்பிக்கை அதிகம். உடைப்பதை ஒரு தனி வேலையாக மதித்து, அதற்குரிய இடத்தையும் காலத்தையும் கொடுப்பது அது ஒன்றுதான்.

பட்டறையில் பிற்பகல் ஆகிவிட்டது. வெந்நீர் நிரம்பிய பாதி வெட்டிய பீப்பாயில் குழாயை ஊறவைத்து, மிச்சத்தைச் சுரண்டி எடுத்து, மறுபடி பூட்டினார்கள். டிரைவர் காபினிலிருந்து, பிளாஸ்டிக் உறைக்குள் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்த ஒரு புனலை எடுத்து வந்து, அதன் வாயைத் துடைத்து, நீல மூடியைத் திறந்து, ஒரு துளியும் சிந்தாமல் ஒரு கேன் கரைசலை ஊற்றினார். அவருடைய கையில் கவனக்குறைவு எதையும் நான் காணவில்லை. பதினைந்து நாளாகச் செங்கல் சூளைக்கும் ஊருக்குமாகவே ஓடியிருக்கிறார் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது.

"வாரம் ஒருக்கா லோடு ஏத்தி பைபாஸ்ல ஒரு மணி நேரம் விரட்டுங்க. குழாய் சூடானா இது தானா எரிஞ்சிரும்" என்றார் மெக்கானிக்.

"ஓட்டறதுக்கு என்னங்கண்ணே, அந்த மாதிரி நடை வரோணுமில்ல" என்றார் டிரைவர், மூடியைத் திருகிக்கொண்டே.